வட்டமாகச் சுற்றும் காருக்காக ஒரு மனுஷன் அழுவானா?

கேள்வி: வேலைக்காக அமெரிக்காவில் சார்லட் நகரத்துக்கு வந்திருக்கிறேன். ஃபீனிக்ஸில் நடந்த ஏதோ நாஸ்கார் கார் பந்தயத்தில் ஹாம்லின் என்பவர் தோற்றுவிட்டாராம். அதற்காக எங்கள் ஆபீஸில் ஐம்பது வயது ஆள் ஒருவர் திங்கட்கிழமை முழுக்க யாரிடமும் பேசவில்லை, கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. இடதுபக்கமே திரும்பித் திரும்பி ஓடும் காருக்கு இவ்வளவு ஃபீலிங் தேவையா?

பதில்:

இதே கேள்வியை 2011-ல் நானும் கேட்டேன். கேட்ட இடம்தான் தப்பு. சார்லட் மோட்டார் ஸ்பீட்வே, நாலாவது வளைவுக்கு நேரே, நடுராத்திரியை நெருங்கும் நேரம், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அறுபது வயதுப் பெரியவரிடம். அவர் என்னை அடிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

உங்கள் ஆபீஸ்காரர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உள்ளுக்குள் சிரித்திருப்பீர்கள். தப்பில்லை, நானும் சிரித்த ஆள்தான். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? 2025 நவம்பர் 2. வருஷத்துக் கடைசிப் பந்தயம். பட்டத்துக்கு மிஞ்சியது நாலு பேர். அந்த நாலு பேரில் அன்று யார் முன்னால் முடிக்கிறாரோ அவர்தான் சாம்பியன். டென்னி ஹாம்லின் இருபது வருஷமாக ஓட்டுகிறவர். 60 பந்தயம் ஜெயித்தவர், இந்த விளையாட்டின் பெரிய பந்தயமான டேட்டோனா 500-ஐயே மூன்று தடவை. பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. அன்று 208 சுற்று அவர்தான் முன்னால். இன்னும் மூன்றே சுற்று. அப்போது வில்லியம் பைரனின் டயர் போய் வண்டி சுவரில் இடித்தது. மஞ்சள் கொடி. ஆபத்து, மெதுவாகப் போ என்று அர்த்தம். மஞ்சள் விழுந்தால் சேர்த்து வைத்த தூரமெல்லாம் போச்சு, எல்லா வண்டியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹாம்லின் பிட்டுக்குள் (டயர் மாற்ற, பெட்ரோல் போட ஒதுங்கும் இடம்) போய் நாலு டயர் மாற்றினார். கைல் லார்சன் இரண்டே இரண்டு மாற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வெளியே வந்தார். மஞ்சளில் பந்தயம் முடியக் கூடாது என்று கூடுதலாக விட்ட இரண்டு சுற்று முடிந்தபோது லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. பட்டம் லார்சனுக்கு. அன்று முழுக்க அவர் ஒரு சுற்றுகூட முன்னால் ஓட்டியதில்லை!

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். (பைரனும் லார்சனும் ஒரே கம்பெனி வண்டிக்காரர்கள், வேண்டுமென்றே இடித்தார் என்று கமெண்டில் கிளம்பி வராதீர்கள். பைரனும் அந்த நாலு பேரில் ஒருவர். தன் பட்டத்தையே கொளுத்தி யாரும் கூட்டாளிக்கு விளக்கேற்ற மாட்டார்.)

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அப்போது நான் ஒரு வங்கியின் மெயின்ஃபிரேம் புராஜெக்டில் ஆன்சைட். பெரியவர் அதே டீமில் முப்பது வருஷமாக கோபால் எழுதிக்கொண்டிருந்தார். (கோபால் ஆள் இல்லை, கம்ப்யூட்டர் மொழி. தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது.) சொந்த ஊர் கன்னாபொலிஸ், சார்லட்டிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அது நாஸ்காரின் பெரிய டிரைவர் டேல் எர்ன்ஹார்ட்டின் ஊர். பெரியவரின் பிக்கப் பின்கண்ணாடியில் சாய்ந்த எழுத்தில் ஒரு 3 ஒட்டியிருக்கும். நான் முதலில் மூன்று பிள்ளைகள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது எர்ன்ஹார்ட் ஓட்டிய கறுப்பு வண்டியின் நம்பர்.

மே மாதக் கடைசி ஞாயிறு, கோகோ கோலா 600. 400 சுற்று, 600 மைல். அவர் கூட வர வேண்டிய மச்சானுக்கு முதுகுவலி, டிக்கெட் சும்மா இருக்கிறது, வருகிறாயா என்றார். சனி, ஞாயிறில் துணி துவைப்பதைத் தவிர வேறு வேலையில்லாத ஆள் நான், போனேன். மனைவி எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். கூலர் (ஐஸ் பெட்டி) கொண்டு போக விடுகிறார்கள் என்று கேட்டதும், உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்தது.

எலுமிச்சை சாதம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். அதே மாதம்தான் நாங்கள் அபார்ட்மெண்ட் மாறினோம். பழைய வீட்டுச் சமையல்மேடையில் மஞ்சள் கறை இருக்கிறது என்று சொல்லி டெபாசிட்டில் 300 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். கறை எவ்வளவு பெரியது? என் கட்டைவிரல் நகம் அளவு. எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் காட்டியிருந்தால் போயிருக்கும், ஆனால் சமையல்மேடையைக் கழற்றி வெயிலில் வைக்க முடியுமா? மூன்று மெயில் போட்டேன், மூன்றுக்கும் ஒரே பதில். முன்னால் குடியிருந்தவன் நாய் கார்ப்பெட்டைக் கடித்து வைத்திருந்தது, அதைக் கேட்பாரில்லை. விடுங்கள். புதிதாக வந்திருக்கும் நீங்கள், வீட்டுக்குள் நுழைந்த அன்றே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயத் திடலுக்கு வெளியே கார் நிறுத்தும் புல்வெளியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளூரப் பயம். அங்கங்கே கூடாரங்களில் கான்ஃபெடரேட் கொடி, அதாவது அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி, பறந்தது. (2020-ல்தான் நாஸ்கார் அதைத் தடை செய்தது.) என் நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாரும் இல்லை. ஆனால் அன்று யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஒருவர் என் சாதத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, மிளகாயைக் கடித்து, பியரைத் தேடி ஓடினார். எல்லோருக்கும் இதே அனுபவம்தான் என்று நான் சொல்லவில்லை. என் அனுபவம் இது.

அங்கே வைத்துத்தான் பெரியவர் எர்ன்ஹார்ட் கதையைச் சொன்னார். ஏழு முறை சாம்பியன். ஆனால் டேட்டோனா 500 மட்டும் இருபது வருஷம் அவரை அலைக்கழித்திருக்கிறது. 1986-ல் மூன்று சுற்று இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தது. 1990-ல் 200 சுற்றில் 155 சுற்று முன்னால் ஓட்டி, கடைசிச் சுற்றின் மூன்றாவது வளைவில், ரோட்டில் கிடந்த ஒரு இரும்புத் துண்டின் மேல் ஏறி டயர் கிழிந்தது. அதுவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காத டேரிக் கோப் ஜெயித்தார். 1997-ல் வண்டி உருண்டது. ஆம்புலன்ஸ் வரை போனவர் திரும்பிப் பார்த்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா என்று கேட்டு, ஆகிறது என்றதும் அந்த நசுங்கிய வண்டியிலேயே ஏறி ஓட்டி முடித்தார், 31-வது இடம். 1998-ல், இருபதாவது முயற்சியில் ஜெயித்தார். எதிரணிக்காரர்கள் அத்தனை பேரும் பிட் ரோட்டில் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். அதிலிருந்து மூன்றாம் வருஷம், 2001 பிப்ரவரி 18, அதே டேட்டோனா, கடைசிச் சுற்று, நாலாவது வளைவில் சுவரில் மோதி இறந்துபோனார். முன்னால் ஓடிய இரண்டு வண்டிகளும் அவருடைய சொந்த டீம் வண்டிகள். முதலில் வந்த மைக்கேல் வால்ட்ரிப்புக்கு அது 463-வது பந்தயம், முதல் வெற்றி. இரண்டாவது வந்தது எர்ன்ஹார்ட்டின் மகன். இதைச் சொல்லும்போது பெரியவர் பியர் கேனின் மூடித் துண்டை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிக் கடைசியில் பிய்த்துவிட்டார்.

அந்த மகன்தான் டேல் ஜூனியர். 88-ம் நம்பர். நாங்கள் பார்க்கப் போன சமயத்தில் அவர் ஜெயித்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. கடைசியாக ஜெயித்தது 2008 ஜூன், மிச்சிகன்.

பந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் முந்நூறு சுற்று எனக்குச் சத்தம்தான். காதில் அடைப்பான் போட்டும் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. கீழ்வரிசை என்பதால் டயரிலிருந்து தெறிக்கும் ரப்பர்ப் பொடி மேலெல்லாம் விழுந்தது. மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தில் எள்ளுப் பொடி தூவின மாதிரி கறுப்புக் கறுப்பாக. பெரியவர் ஸ்கேனரில் (டீம் ரேடியோவைக் கேட்கும் கருவி) ஜூனியரின் டீம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். விரலால் தொடையில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

400 முடியச் சில சுற்றுகள் இருக்கும்போது மஞ்சள் கொடி. மஞ்சளில் முடிக்கக் கூடாது என்று சுற்றுகளைக் கூட்டினார்கள். மொத்தம் 402. பச்சைக் கொடி ஆட்டியதும் முன்னால் நின்ற கேஸி கேனின் வண்டி பெட்ரோல் இல்லாமல் திணறியது, பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள், மறுபடி மஞ்சள் விழவில்லை, ஜூனியர் முன்னால். (ஜூனியர் ஜெயிக்கட்டும் என்றுதான் கொடி காட்டவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.) அந்த நிமிஷம் பார்வையாளர் மேடை முழுக்க எழுந்து நின்றது. இன்ஜின் சத்தத்தை மீறி ஜனச் சத்தம் கேட்டது அந்த ஒரு முறைதான். பெரியவர் என் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சுற்று. கடைசி வளைவு. எங்கள் கண்ணுக்கு நேரே 88-ம் நம்பர் வண்டி மெதுவாகியது. இடித்திருந்தால், வெடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, இது மூச்சு விட்ட மாதிரி அடங்கியது. தாண்டிப் போய் ஜெயித்தவர் கெவின் ஹார்விக். அப்பா எர்ன்ஹார்ட் இறந்ததும் அவர் இடத்தில் ஓட்ட உட்கார வைக்கப்பட்டவர் யார் தெரியுமா? இதே ஹார்விக்! கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார். ஜூனியருக்கு ஏழாவது இடம்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். வெறும் கார் ரேஸுக்கு இவ்வளவா என்று. அவர் தொப்பியை எடுக்கவில்லை. தாடை மட்டும் ஆடியது.

வெளியே வர இரண்டு மணி நேரம் டிராஃபிக். பேச்சில்லை. மௌனம் தாங்காமல் நான்தான் கேட்டேன்: பெட்ரோல் தீரப்போவது மீட்டரில் தெரியாதா? தெரியாது என்றார். அந்த வண்டிகளில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. அழுத்தம் காட்டும் முள் ஒன்று இருக்கும், அது ஆட ஆரம்பித்தால் முடிந்தது. டேங்குக்குள் எவ்வளவு போனது என்பதை பிட்டில் கேனை எடை போட்டுத்தான் கணக்குப் பண்ணுவார்கள். பற்றாது என்று தெரிந்தேதான் விட்டார்கள், அவ்வளவுதான் என்றார். ஜூனியரும் பேட்டியில் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், யார் மேலும் பாயவில்லை.

நான் எங்கப்பா கதையைச் சொன்னேன். அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவர். டீசல் மீட்டரை அவர் நம்பியதே இல்லை. டேங்க் மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். நடு ராத்திரி நடுக்காட்டில் டீசல் தீர்ந்தால், ஊற்றினாலும் வண்டி கிளம்பாது, லைனில் ஏர் எடுக்க வேண்டும், அந்த வேதனை பட்டவனுக்குத்தான் தெரியும் என்பார். பெரியவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். பிறகு ஒரு கேஸ் ஸ்டேஷனில் பிக்கப்பை நிறுத்தினார். நான் மீட்டரைப் பார்த்தேன், முக்கால் டேங்குக்கு மேல் இருந்தது. இறங்கி, வழிய வழிய நிரப்பினார்.

பெட்ரோலை வீணடிக்கும் விளையாட்டு, பணக்கார விளையாட்டு என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கிரிக்கெட்டை மட்டம் தட்டுவதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள், 2019 அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனபோது நானும் டிவியை அணைத்தவன்தான். ஆனால் கிரிக்கெட்டில் இரண்டு பேரில் ஒருவர் ஜெயிப்பார். இங்கே நாற்பது பேரில் ஒருவர். ரிச்சர்ட் பெட்டி 200 பந்தயம் ஜெயித்தவர், அவரைத் தாண்ட ஆளில்லை; ஓட்டியது 1,184. மார்க் மார்ட்டின் ஐந்து முறை பட்டத்தில் இரண்டாவது, ஒருமுறைகூட முதலில்லை. இவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் வாரா வாரம் தோற்கத்தான் வேண்டும். அப்படித் தோற்றுத் தோற்று இருபது வருஷம் கழித்து மூன்று சுற்று மிச்சம் என்று வரும்போது டயர் வெடிப்பது இன்னொருவன் வண்டியில் என்றால், உங்கள் ஆபீஸ்காரர் என்னதான் செய்வார்? அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த வருஷம், 2012 ஜூன் 17, தந்தையர் தினம். மிச்சிகனில் ஜூனியர் ஜெயித்தார். 143 பந்தயத்துக்குப் பிறகு. வீட்டுக்குப் போன் வந்தது. பெரியவர் குரல் கரகரவென்று இருந்தது. "ஜெயிச்சுட்டான். இந்தத் தடவை குச்சி விட்டுப் பார்த்திருப்பாங்க. உங்கப்பாகிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டார்.

உடனே ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விடியக்கூட இல்லை. லாரியை விட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது அப்பாவுக்கு. எடுத்ததும் ஹலோகூடச் சொல்லவில்லை.

"வண்டி எங்கடா நிக்குது?" என்றார்.