அளந்து கொடுத்தார், அளந்து போட்டார்

அன்புள்ள அக்காவுக்கு,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் தாத்தாவை வைத்து ஒரு சிறுகதை எழுதி, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாத்தா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். கதையில் 'பண்ணையாள்' என்றே எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், அது இழிவான சொல், 'விவசாயத் தொழிலாளி' என்று மாற்றிவிடு என்கிறார். இன்னொருவர், இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே, எதைப் போட்டால் என்ன என்கிறார்.

அறுவடை முடிந்து களத்தில் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் கூலி தருகிற இடத்தை, 'காரியக்காரர் நெல்லை அளந்து கொடுத்தார்' என்று எழுதினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "எங்கடா குடுத்தாங்க? அளந்துல்ல போட்டாங்க" என்றார். என்னவோ புரிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை. 'தண்ணீர்' என்று எழுதுவதா, 'தண்ணி' என்று எழுதுவதா என்பதிலும் குழப்பம். எந்த இடத்தில் எந்தச் சொல் என்று எப்படி முடிவு செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் வெளியிடவில்லை.)

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா சொன்னதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயம். மற்ற கேள்விகளுக்கும் அதிலிருந்தே போகலாம்.

'அளந்து கொடுத்தார்', 'அளந்து போட்டார்' இரண்டிலும் களத்தில் நடந்தது ஒன்றே. மரக்காலிலிருந்து நெல் ஒருவருடைய துணியில் விழுகிறது. ஆனால் 'கொடுத்தார்' என்றால் வாங்குகிறவர் ஒரு மனிதராக எதிரே நிற்கிறார். 'போட்டார்' என்றதும் அவர் குனிந்துவிடுகிறார். பிச்சை போடுகிறோம், மாட்டுக்கு வைக்கோல் போடுகிறோம். அதே 'போடு'தான் அம்மா பிள்ளைக்குச் சோறு போடும்போது அன்பாகிறது. ஆகவே இழிவு அந்தச் சொல்லுக்குள் இல்லை. யார், யாருக்கு, எந்த இடத்தில் என்பதோடு சேரும்போதுதான் வருகிறது. அகராதியில் தேடினால் இது கிடைக்காது. அந்தக் களத்தில் நின்ற குடும்பத்தின் காதுக்கு உடனே தெரிந்திருக்கிறது.

தமிழில் ஒரு வாக்கியத்தின் தொனி பெரும்பாலும் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இந்தச் சின்ன வினைகளில்தான் இருக்கிறது. எழுத வருகிறவர்கள் பெயரடைகளைத் தேடி அலைகிறார்கள், இதைக் கவனிப்பதில்லை. உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள். 'ஆத்துல தண்ணி வந்துச்சு' என்பது செய்தி. 'வந்துடுச்சு' என்றால் நாற்றங்காலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர் சொல்கிறார். 'வந்து சேந்துச்சு' என்பதில் வழியில் பட்ட தாமதமெல்லாம் இருக்கிறது. கதிர் முற்றி நிற்கும்போது மழைவெள்ளம் புகுந்தால், அப்போது 'வந்து தொலைச்சுது.' நான்கிலும் தண்ணீர் வந்தது என்பதைத் தவிர வேறு தகவல் கிடையாது. ஆனால் நான்கு வேறு ஆட்கள், நான்கு வேறு பருவங்கள்.

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும். 'குறுவைக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது' என்று செய்தி வரும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாளாகும். வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைமடைக்குப் போக இன்னும் எத்தனையோ நாள். 'திறக்கப்பட்டது' என்பது மதகின் மேல் நின்று சொல்வது. கடைமடையில் நிற்பவருக்கு இருப்பது 'இன்னும் வரல' என்ற ஒன்றுதான். இரண்டும் உண்மை. எழுதுகிறவர் ஒரு வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே எங்கே நிற்கப்போகிறார் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்.

இப்போது 'பண்ணையாள்'. இரண்டு நண்பர்கள் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. முதலில், இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்று அல்ல. பண்ணையாள் என்பவர் ஒரு பண்ணைக்கு, அநேகமாகக் குடும்பத்தோடு, கட்டுப்பட்டவர். அது வேலையின் பெயர் அல்ல, கட்டின் பெயர். 1952-ல் வந்த சட்டத்தின் பெயரே 'தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்'தான். 'விவசாயத் தொழிலாளி' சங்கத்தோடு பரவிய சொல். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் 1940-களில் இந்த ஊர்களில் நடந்து நடந்து, சவுக்கடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிராகச் சங்கம் கட்டினார்கள். தன்னைத் தொழிலாளி என்று ஒருவர் சொல்லிக்கொண்டால், என் உழைப்புக்கு ஒரு விலை உண்டு, அதைக் கேட்க எனக்கு வாய் உண்டு என்றும் சேர்த்தே சொல்கிறார்.

அதனால் கதை முழுக்க ஒரே சொல்லை மாற்றிப் போடுவது பெரிய நஷ்டம். காரியக்காரர் வாயில் 'விவசாயத் தொழிலாளி' வந்தால் அந்த ஆளே பொய்யாகிவிடுவார். 'நம்ம ஆளு' என்பார், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது சொல்வார். உங்கள் கதையின் பின்பாதியில் தாத்தா சங்கத்தில் சேர்கிறார். அந்த இடத்தில், தன்னைப் பற்றிப் பேசும்போது, அவர் முதல்தடவையாக 'தொழிலாளி' என்று சொல்லட்டும். அதுவரை அந்தச் சொல்லைச் செலவழிக்காதீர்கள். கதையில் நடக்கும் பெரிய சம்பவம் அதுவாகவே இருக்கலாம்.

மறுபக்கத்துப் பெயரையும் கவனியுங்கள். அறுபதுகளில் கீழத்தஞ்சை நிலவுடைமையாளர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்துக்கொண்ட பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். சேற்றில் இறங்கி நட்டவர்களும் அறுத்தவர்களும் அந்த 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்குள் இல்லை. உழைப்பவரை ஒரு சொல்லாலேயே நெல்லிடமிருந்து பிரித்துவிட முடிந்திருக்கிறது.

அந்த ஆண்டுகளின் கூலித் தகராறு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எங்கே போய் நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. '44 பேர் தீயில் கருகி உயிரிழந்தனர்' என்று எழுதலாம். இலக்கணப் பிழை இல்லை, எண்ணும் சரி. ஆனால் அந்த வாக்கியத்தில் தீயைத் தவிர வேறு யாரும் எதுவும் செய்யவில்லை. 'மோதல்' என்று எழுதினால் இரண்டு பக்கமும் சமமாக ஆயுதத்தோடு நின்றதாகிவிடும். நிலவுடைமையாளர்களின் ஆட்கள் தாக்க வந்தபோது குடிசைக்குள் ஒண்டிய கூலிக் குடும்பத்தினரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். '44 பேரை எரித்துக் கொன்றார்கள்' என்றுதான் நான் எழுதுவேன். உணர்ச்சியைக் கூட்டுவதற்காக அல்ல. முதல் வாக்கியம் மறைத்த எழுவாயை இது திருப்பிக் கொண்டுவருகிறது, அவ்வளவே. செய்வினையா செயப்பாட்டுவினையா என்பதைப் பள்ளியில் இலக்கணப் பயிற்சியாகப் படித்தோம். நம் மண்ணில் அது நீதி சம்பந்தப்பட்ட விஷயம்.

உங்கள் கதையில் நான் நீக்கச் சொல்வது சில பெயரடைகளைத்தான். 'கொடூரமான', 'பாவப்பட்ட', 'ஈவிரக்கமற்ற' என்று முதல் இரண்டு பக்கத்தில் நிறைய வருகின்றன. அவை தேவையே இல்லை, ஏனென்றால் அவை செய்ய வேண்டியதைக் கதையில் வேறொன்று ஏற்கெனவே செய்துவிட்டது. நீங்கள் தாத்தாவை 'அவர்' என்று சொல்கிறீர்கள். பண்ணை வீட்டுச் சிறுவன் அதே பத்தியில் 'டேய், இங்க வாடா' என்கிறான். அந்த 'ர்' விகுதிக்கும் 'டா'வுக்கும் இடையே உள்ள தூரத்தை வாசகர் கடந்தாக வேண்டும். அங்கே போய் 'கொடூரமான' என்று எழுதினால் அவர் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்களே சொல்லிக் கெடுக்கிறீர்கள். அந்த 'வாடா'வை யார் சொன்னாலும் மென்மையாக்காதீர்கள்.

தண்ணீர், தண்ணி பற்றி அதிகம் சொல்ல இல்லை. கதை சொல்பவர் பேரன் என்பதால் முழுக்கவே 'தண்ணி' என்று எழுதலாம். விலகி நின்று சொல்வதானால் உரையாடலில் தண்ணி, மற்ற இடத்தில் தண்ணீர். ஒரே பக்கத்தில் காரணமின்றி மாறி மாறி வரக்கூடாது.

தொழிற்சொற்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அண்டை வெட்டுதல், நாற்று முடி, பத்தாயம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஓரிடத்தில் 'தரமற்ற நெல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது கொள்முதல் நிலையத்துப் பேச்சு. களத்தில் கூலிக்கு நின்ற உங்கள் தாத்தாவுக்கு அது கருக்காய். அப்படியே எழுதுங்கள், அடிக்குறிப்பு போடாதீர்கள். தெரியாத வாசகர், அதே சொல் இரண்டாவது தடவை வரும்போது தாமாகவே புரிந்துகொள்வார்.

அன்புடன்,
அக்கா