ஹைட்ரஜெல்: '500 மடங்கு' என்று போட்டிருந்தால் வாங்கலாமா?

கேள்வி: மாடித்தோட்டத் தொட்டிகளுக்கு ஹைட்ரஜெல் (மண்ணில் கலந்தால் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குருணை) வாங்க வேண்டும். ஒரு பாக்கெட்டில் '300 மடங்கு நீர் பிடிக்கும்' என்றும், விலை கூடிய இன்னொன்றில் '500 மடங்கு' என்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். எதை வாங்கலாம்?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பொதுவாக அது உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரில் அளந்தது. போர் நீரில் உப்பு கலந்திருப்பதால், உறிஞ்சும் அளவு பாதிக்கும் கீழே இறங்கலாம். கடின நீரிலுள்ள கால்சியம், ஜெல்லின் பாலிமர் இழைகளை (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை) ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்புறம் நல்ல நீர் ஊற்றினாலும் ஜெல் பழையபடி உப்பாது.

இன்னொரு விஷயம், ஜெல்லின் உறுதித்தன்மை. ஜெல் என்பது முடிச்சுப் போட்ட வலை மாதிரி. முடிச்சு குறைந்தால் நிறைய நீர் குடிக்கும், ஆனால் கூழாகிவிடும். முடிச்சு கூடினால் உறுதி வரும், உறிஞ்சுவது குறையும். நல்ல தயாரிப்புகளில் குருணையின் மேற்புறத்தில் மட்டும் கூடுதல் முடிச்சு போடுவார்கள். உள்ளே தாராளமாக ஊதிப் பெருகும், மேலே குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. இதை லேபிள் சொல்லாது; சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சிறு பாக்கெட் வாங்கி, 5 கிராமை 5 லிட்டர் மழைநீரிலும், இன்னொரு 5 கிராமை அதே அளவு போர் நீரிலும் 4 மணி நேரம் ஊற வையுங்கள். மெல்லிய துணியில் கால் மணி நேரம் வடியவிட்டு, ஜெல்லை மட்டும் கிராமில் எடைபோட்டு 5-ஆல் வகுங்கள். போர் நீரில் வரும் எண்தான் உங்களுக்கு உரிய மடங்கு. பிறகு விரலால் அழுத்துங்கள். மணி மணியாக நின்றால் வாங்கலாம். வழவழவென்று நூல்போல் இழுத்தால் எத்தனை மடங்கு என்றாலும் வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு போடுவது? டயப்பரில் இருக்கும் தூளையே பிரித்துப் போடலாமா?

பதில்: 10 கிலோ மண் கலவைக்கு 10 முதல் 20 கிராம் போதும். உலர்ந்த கலவையில் சீராகக் கலந்து, தொட்டியின் மேலே 3 செ.மீ. இடம் விட்டு நிரப்புங்கள். அளவு மீறினால் மண் பொங்கி மேலெழும், வேருக்குக் காற்று போகாது, அழுகும். மேலாகத் தூவினால் வெயிலில் சிதைந்து வீணாகும். முதலில் வெறும் நீர் ஊற்றி உப்பவிட்டு, பிறகு உரம் கொடுங்கள்; உரமும் ஒரு வகை உப்புதானே, அதுவும் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

டயப்பர் தூள் வேண்டாம். அது சோடியம் வகை, மண்ணில் சோடியத்தைச் சேர்க்கும். பொட்டாசியம் வகையைக் கேளுங்கள். செல்லுலோஸை (தாவர நார்ப்பொருளை) அடிப்படையாகக் கொண்டதும் உண்டு. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பூசா ஹைட்ரஜெல் அந்த வகை.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், அலங்காரத்துக்கு விற்கும் வண்ண ஜெல் மணிகளைத் தொட்டிக்கென்று வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் உப்பி அடைத்துக்கொள்ளும்.