கிராம சபைக் கண்காணிப்புக் குழு: செயலர் மொத்தத் தொகை மட்டும் வாசிக்கிறார், என்ன செய்வது?

வணக்கம். வரவு செலவைச் சரிபார்க்க உங்களைக் குழுவில் போட்டுவிட்டு, ஊராட்சிச் செயலர் மொத்தத் தொகையை மட்டும் வாசிக்கிறார் என்கிறீர்கள். அவர் வாசிக்கும் படிவம் 30 ஊராட்சி வரவு செலவின் சுருக்கம்தான். அதை எத்தனை முறை படித்தாலும் பிழை தெரியாது.

எல்லாக் கணக்கையும் கேட்காதீர்கள், அலைக்கழிப்பார்கள். ஒரே ஒரு வேலையை, உதாரணமாக ஒரு கான்கிரீட் சாலையை, எடுங்கள். அதன் நிர்வாக அனுமதி, மதிப்பீடு, முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம் (எம்-புக்), பில், பணம் போன வங்கிப் பதிவு ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேட்டு, கடித நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வாங்குங்கள். அளவுப் புத்தகம் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும், அங்கேயும் ஒரு கடிதம் கொடுங்கள்.

பிறகு டேப்போடு இடத்துக்குப் போங்கள். அளவுப் புத்தகத்தில் சாலை 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். நீங்கள் அளக்கும்போது கனம் 12 செ.மீ.தான் என்றால் 36. ஒன்பது கன மீட்டருக்கான பணம் எங்கே என்று அப்போதுதான் கேட்க முடியும். ஓரத்தில் மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். ஓரம் கனமாகவும் நடு மெலிந்தும் இருக்கலாம்.

ஆவணம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் மனு கொடுங்கள். அதில் பிரிவு 2(j)-தான் தேவை. பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அது உரிமை தருகிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஆகவே அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் பேச வேண்டுமானால் ஆகஸ்ட் இறுதிக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

கூட்டத்தில் உங்கள் அளவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்.