ஓஎஸ் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: 2021-இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் 11-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. விண்டோஸ் 11-க்கு மாற மூன்று முறை முயன்றேன். 30 சதவீதத்தைத் தாண்டியதும் ரீஸ்டார்ட் ஆகி, 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று காட்டி, விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடுகிறது. 'மொத்தமாக ஃபார்மேட் செய்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போடு' என்றார் நண்பர். பென்டிரைவ் தயாரித்து பூட் செய்தால், எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் திரை காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா? பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) விஎம்டி என்பதை அணைத்தால் டிஸ்க் தெரியும் என்கிறார்கள். அணைக்கலாமா? பென்டிரைவை எடுத்துவிட்டால் பழைய விண்டோஸ் வழக்கம்போல வருகிறது.

பதில்: எஸ்எஸ்டி போகவில்லை. போயிருந்தால் பென்டிரைவை எடுத்ததும் விண்டோஸ் 10 எங்கிருந்து எழுந்து வருகிறது? விஎம்டியை அணைக்கவும் வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம். நண்பரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஹார்ட் டிஸ்க் காலத்தில் அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

உங்களுக்கு வந்திருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். அப்டேட் பாதியில் பின்வாங்குவது ஒன்று. இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாதது இன்னொன்று. முதலாவதைத் தீர்க்கப் போன இடத்தில் இரண்டாவது குறுக்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். எளிதானதை முதலில் முடித்துவிடுவோம்.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி நேரடியாக விண்டோஸின் கண்ணில் படாது. நடுவில் விஎம்டி என்ற ஒரு அடுக்கு உட்கார்ந்திருக்கும். 'வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்' என்பதன் சுருக்கம் அது. அதோடு பேச இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற டிரைவர் வேண்டும். தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்த விண்டோஸ் 10-இல் அந்த டிரைவர் ஏற்கனவே இருக்கிறது. நீங்கள் தயாரித்த பென்டிரைவில் இல்லை. ஆகவே அதற்கு டிஸ்க் தெரியவில்லை.

விஎம்டியை அணைத்தால் பென்டிரைவுக்கு டிஸ்க் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இப்போதிருக்கும் விண்டோஸ் அந்த அடுக்கை நம்பி அமைக்கப்பட்டது. அணைத்த பிறகு அது பூட் ஆகாமல் நீலத் திரையில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன்பே 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். பூட்டிய நினைவே பலருக்கு இருக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்த நாளிலேயே பல லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அந்தப் பூட்டு தானாக இயங்கிவிடுகிறது. எனவே பயாஸைத் தொடாவிட்டாலும் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் கருவிகளின் பட்டியலுக்குப் போய், ரெகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட்டிய லேப்டாப்புக்குள்ளேயே அந்த எண்ணைச் சேமிப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதுதான்.

இனி அந்தப் பென்டிரைவுக்கே வருவோம். அதிலிருந்து பூட் செய்யாதீர்கள். விண்டோஸ் 10 வழக்கம்போலத் திறந்திருக்கும்போது பென்டிரைவைச் செருகி, அதற்குள் இருக்கும் 'செட்டப்' கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறங்கள். இப்போது இன்ஸ்டாலர் வேலையைத் தொடங்குவது உங்கள் பழைய விண்டோஸின் தோளில் நின்றுகொண்டு; அங்கே டிரைவர் இருப்பதால் டிஸ்க் தெரியாத பேச்சே எழாது. எதையெல்லாம் வைத்துக்கொள்வது என்று கேட்கும்போது, கோப்புகளையும் செயலிகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் தேர்வை எடுங்கள். இதற்கு 'இன்-பிளேஸ் அப்கிரேட்' என்று பெயர். ஓஎஸ் போடுவது என்றாலே வீட்டைக் காலி செய்வது என்று நினைத்துவிடுகிறோம். இது வீட்டுக்குள் இருந்துகொண்டே தரையை மாற்றுவது. என்னிடம் வரும் பத்து 'ஃபார்மேட் செய்யலாமா' கேள்விகளில் ஏழெட்டுக்கு இதையேதான் சொல்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செயலிகளை வைத்துக்கொள்ளும் தேர்வு சிலருக்கு மங்கிப்போய்ச் சொடுக்கவே முடியாமல் இருக்கும். பெரும்பாலும் மொழிதான் காரணம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் அமெரிக்க ஆங்கிலம், சர்வதேச ஆங்கிலம் என இரண்டு தனிப் பதிப்புகள் உண்டு. இருக்கிற விண்டோஸ் ஒன்றாகவும் பென்டிரைவில் உள்ளது மற்றதாகவும் இருந்தால், செயலிகளைக் காப்பாற்ற இன்ஸ்டாலர் ஒப்புக்கொள்ளாது. ஹோம், புரோ என்ற வகை மாறினாலும் இப்படி நேரலாம். தேர்வு மங்கியிருந்தால் 'சரி, பரவாயில்லை' என்று அடுத்ததை அழுத்தாதீர்கள். வெளியே வந்து, சரியான பதிப்பை இறக்கி மறுபடி தொடங்குங்கள்.

ஆனால் பென்டிரைவை மாற்றிவிட்டால் மட்டும் 30 சதவீதத்தில் வரும் தடை விலகிவிடாது. ஏறக்குறைய அந்த இடத்தில்தான் பழைய விண்டோஸ் ஓரம் நகர்ந்து, புதியது முதன்முறையாகத் தன் காலில் எழுந்து டிரைவர்களை ஏற்றத் தொடங்குகிறது. ஒரு டிரைவர் முரண்டு பிடித்தாலும், விண்டோஸ் வீம்பு பிடிக்காமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பின்வாங்கல்தான் உங்கள் கோப்புகளை இதுவரை மூன்று முறை காப்பாற்றியிருக்கிறது.

எந்த டிரைவர் என்று ஊகிக்க வேண்டியதில்லை. தோல்விக்குப் பிறகு ஒரு பிழை எண் கிடைக்கும். அப்டேட் ஹிஸ்டரியிலும் பார்க்கலாம். அது 0xC1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. 0xC1900208 என்று தொடங்கினால் ஒத்துப்போகாத செயலி. 0x80070070 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'செட்டப்டயாக்' என்ற சிறிய கருவியை இறக்கி ஓட்டுங்கள். அப்டேட் விட்டுச்சென்ற பதிவுகளை எல்லாம் படித்து, எங்கே முறிந்தது என்பதை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். மூன்று முறை முயன்ற நேரத்தில் இதை ஒரு முறை செய்திருக்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லவில்லை, நானும் அப்படித்தான் முட்டிக்கொண்டவன்.

என் அனுபவத்தில் அடிக்கடி மாட்டும் குற்றவாளிகள்: விண்டோஸோடு வராத, பிறகு போட்ட ஆன்டிவைரஸ், விபிஎன் மென்பொருள், எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் டிரைவர். இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தினால் போதாது; முழுக்க அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க், யூஎஸ்பி ஹப், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். மெமரி கார்டு செருகியிருந்த ஒரே காரணத்தால் அப்டேட் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ், சிப்செட், ஸ்டோரேஜ் டிரைவர்கள் இருந்தால் அவற்றை விண்டோஸ் 10-இலேயே போட்டுவிடுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துவது நல்லது.

256 ஜிபி எஸ்எஸ்டியில் இடப் பற்றாக்குறையும் சேர்ந்திருக்கலாம். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இல்லாமல் நான் தொடங்கவே மாட்டேன், 40 இருந்தால் நிம்மதி. வீடியோக்களை வெளியே நகர்த்துங்கள். டெம்பரரி கோப்புகளை 'ஸ்டோரேஜ்' அமைப்பிலிருந்தே துடைக்கலாம். துடைக்கும்போது டவுன்லோட்ஸ் என்ற பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது குப்பைத்தொட்டி இல்லை என்பது டிக் போட்ட பிறகுதான் பலருக்கு உறைக்கும்.

இந்த முறையில் எதுவும் அழியாது என்றாலும் பேக்கப் எடுக்காமல் இறங்காதீர்கள். புகைப்படங்களையும் டாக்குமென்ட்ஸையும் எல்லாரும் எடுத்துவிடுவார்கள். விடுபடுபவை வேறு: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு, கணக்கு மென்பொருள் தன் தரவை ஒளித்து வைத்திருக்கும் ஃபோல்டர். நமக்கே உரிய இன்னொன்று ஃபான்ட். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். ஃபார்மேட் செய்த மறுநாள் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு.

விண்டோஸ் 10-க்கு உள்ளிருந்து செய்தும் தோற்றால் மட்டுமே கிளீன் இன்ஸ்டால், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அப்போது தயாரிப்பாளர் தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, ஐஎன்எஃப் (.inf) கோப்பு இருக்கும் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போடுங்கள். டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும் திரையில் 'லோடு டிரைவர்' என்பதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தோன்றும். வைஃபை டிரைவரையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 ஹோம், அமைப்பின் நடுவில் இணையம் கேட்டு நிற்கும். வைஃபை டிரைவர் இல்லாமல் இணையம் இல்லை, இணையம் இல்லாமல் டிரைவர் இல்லை. அந்தச் சுழலில் மாட்டினால் ஃபோனைக் கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமலே வேலை செய்யும்.

புராடக்ட் கீ கேட்டால் 'இல்லை' என்றே போகலாம். உங்கள் உரிமம் மதர்போர்டோடு இணைந்தது. அதே வகை விண்டோஸைப் போட்டால், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

டெஸ்க்டாப் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே இரண்டு டிஸ்க் இருந்தால், விண்டோஸ் போகாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். டிஸ்க் 0 எது, டிஸ்க் 1 எது என்று அளவை மட்டும் பார்த்து முடிவெடுத்து, பல வருடப் படங்கள் இருந்த டிஸ்க்கின் பார்ட்டிஷனை நானே அழித்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவு.

'ரீசெட் திஸ் பிசி' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாக யாராவது அதைச் சொல்வார்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தாலும் உங்கள் கோப்புகள் மட்டுமே தங்கும், நீங்கள் போட்ட செயலிகள் அத்தனையும் போய்விடும். அதனால் என் வரிசையில் அது இன்-பிளேஸ் அப்கிரேடுக்குப் பின்னால்தான்.

விண்டோஸ் 10-இலேயே இருந்துவிடலாமா என்றால், அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று கூடுதல் தவணை கொடுத்தார்கள். உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதே. இன்டெலில் 8-ஆம் தலைமுறை முதல் பெரும்பாலானவை அனுமதிக்கப்படுகின்றன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று சொன்னால், பயாஸில் அதே வேலையைச் செய்யும் இன்டெல் பிடிடி அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வேலை நடக்கும்போது சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். சதவீதம் ஒரே எண்ணில் அரை மணி நேரம் நின்றாலும் பவர் பட்டனைத் தொடாதீர்கள். நான் இரண்டு மணி நேரமாவது பொறுப்பேன். வெற்றிகரமாக முடிந்த பிறகு பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் 10 நாட்கள் இருக்கும். அந்த நாட்களில் பிரிண்டர், கேமரா, ஸ்லீப் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் திரும்பிப் போக வழி உண்டு. டிஸ்க்கில் இடத்தை உடனே மீட்கிறேன் என்று அதை முதல் நாளே அழித்துவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பின்வாங்கினால், செட்டப்டயாக் எழுதிய பிழை எண்ணையும் லேப்டாப்பின் முழு மாடல் எண்ணையும் அனுப்புங்கள். 'அன்டூயிங் சேஞ்சஸ்' திரையின் படம் வேண்டாம், அது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.