வாசகர் கேள்வி - பதில்: வயதான அம்மா அப்பாவோடு தீவுக்குப் போகும்போது

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. ரத்த அழுத்தத்துக்கும், கால் வீக்கம் வடிய நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடுகிறார். பேரக்குழந்தைகளோடு ஐந்து நாள் ஒரு வெப்பமண்டலத் தீவில் தங்கப் போகிறோம். அந்த வெயிலை அவர் தாங்குவாரா?

பதில்: வெயிலைவிடப் புழுக்கத்துக்குத்தான் நீங்கள் அதிகம் தயாராக வேண்டும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். தீவின் ஈரக் காற்றில் வியர்வை வழியுமே தவிரச் சீக்கிரம் காயாது. அதனால் நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கும் உடல் சூடு ஏறலாம்.

வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். "தண்ணீர் வேணுமாம்மா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள், டம்ளரைக் கையில் கொடுத்துவிடுங்கள். வெளியே போன இடத்தில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று பயந்து, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நிறையப் பேர். எங்கே போய் இறங்கினாலும் கழிப்பறை இருக்கும் இடத்தை முதலில் பார்த்து அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தக் கவலை தீர்ந்தாலே பாதிப் பேர் ஒழுங்காகத் தண்ணீர் குடிப்பார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? (இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் இதற்கு ஒரு வரம்பு உண்டு.) பயண நாளில் நீர் மாத்திரையை எந்த நேரத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம்? வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எந்தெந்த மாத்திரையை, எத்தனை நாளைக்கு நிறுத்த வேண்டும்? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தொடர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. வாந்தி, பேதி ஆனால்தான் அது தேவை. அதில் உப்பு இருப்பதால், வெயிலுக்கு நல்லது என்று தினமும் கொடுக்க வேண்டாம்.

வெளியே சுற்றுவதெல்லாம் காலை பத்து மணிக்குள், அல்லது மாலை நான்குக்குப் பிறகு. நடுப்பகலில் குளிரூட்டிய அறையில் இரண்டு மூன்று மணி நேரம் படுத்திருக்கட்டும். இதைக் குழந்தைகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் தினமும் வாக்குவாதம் இருக்காது. அறை தரைத்தளத்தில், சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கடல் தெரியும் ஜன்னலை விட இது முக்கியம். முன்பதிவுக்கு முன் குளியலறையின் படத்தை அனுப்பச் சொல்லிப் பாருங்கள்: பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா, உள்ளே இறங்கப் படி இருக்கிறதா, தரை வழுக்குமா?

எழுந்து நின்றால் தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, அடர் மஞ்சள் சிறுநீர் ஆகியவை முதல் எச்சரிக்கை. குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, தள்ளாடினால் அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுகிறார். விமானம், பிறகு படகு. எப்படி எடுத்துப் போவது?

பதில்: கைப்பையில்தான். விமானத்தின் சரக்கு அறையில் போடும் பெட்டியில் வைத்தால் உறைந்துபோக வாய்ப்புண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிப் பழையபடி தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் 28 நாள் வரை தாங்கும். வகைக்கு வகை இது மாறும் என்பதால் கூடவே வரும் தாளைப் படித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகளைப் பலர் நம்பிப் போகிறார்கள். அவை நீர் ஆவியாவதால் குளிர்பவை. வியர்வைக்குச் சொன்ன அதே காரணத்தால் புழுக்கமான தீவில் சரியாகக் குளிராது. வெப்பம் புகாத சிறு டப்பாவும் ஐஸ் பேக்கும் மேல். ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றுங்கள். இன்சுலின் மேல் நேராகப் படக் கூடாது. அறையிலிருக்கும் சின்ன ஃபிரிட்ஜிலும் இரண்டு சிக்கல் உண்டு. சாவி அட்டையை எடுத்ததும் சில அறைகளில் அதற்கும் மின்சாரம் நின்றுவிடும். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உள்ளே ஒரு சிறு வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

சூட்டில் தோலின் கீழ் ரத்த ஓட்டம் கூடி இன்சுலின் வேகமாக ஏறும். நடையும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வழக்கத்தைவிட அடிக்கடி பரிசோதியுங்கள். அவர் சட்டைப் பையிலேயே குளுக்கோஸ் இருக்கட்டும். மணலில் வெறுங்காலோடு விடாதீர்கள். கால் மரத்தவருக்குச் சுடு மணல் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும்.

கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அதனால் எல்லா மருந்தும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு முழங்கால் வலி. கடலில் கால் நனைக்க ஆசைப்படுகிறார். படகில் குமட்டலுக்கு மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். தூக்கம் வரவழைக்கும் பழைய வகைக் குமட்டல் மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். சிலவகைக் கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. படகின் நடுவில், கீழ்த்தளத்தில், தொடுவானம் தெரியும்படி உட்கார வையுங்கள். வயிறு காலியாகவும் வேண்டாம், நிரம்பவும் வேண்டாம். உண்மையான ஆபத்து ஏறி இறங்கும் அந்த ஓரடி இடைவெளிதான். கடல் நீர்மட்டம் தாழும் நேரத்தில் படகும் இறங்கி அந்தப் படி பெரிதாகிவிடும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று முன்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோளைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கடலில் கால் நனைப்பதை ஏன் மறுக்க வேண்டும்? இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போகும், எனவே ஈர மணலில் நடத்திக் கூட்டிப் போங்கள். அலை அடிக்கும் இடத்தில் முழங்காலளவு நீர்தான் ஆளைத் தள்ளும்: திரும்பும் அலை குதிகாலின் கீழிருந்து மணலை அரித்துப் போகும். அலையில்லாத காயலிலோ பவளத்திட்டுக்கு உட்புறமோ இடுப்பளவு நீர் கிடைத்தால் உடல் எடையில் ஏறக்குறைய பாதியை நீரே தாங்கும். முழங்காலுக்கு அவ்வளவு சுகம். பட்டி வைத்த ரப்பர் செருப்பு போட்டு, காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கச் சொல்லுங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை மீன் விலகிப் போகும்.

கேள்வி: அப்பாவுக்கு லேசான மறதி. புது இடத்தில் இரவில் என்ன செய்வார் என்று பயமாக இருக்கிறது.

பதில்: இருக்கும் நாளெல்லாம் ஒரே அறையில் தங்குங்கள். வீட்டுப் போர்வையையும் தலையணை உறையையும் கொண்டு போங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். கதவில் சின்ன மணி கட்டுங்கள். சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணும் விடுதி பெயரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். முதல் இரவு யாராவது அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள். திடீரென்று குழப்பம் அதிகமானால், மறதிதானே என்று விட்டுவிடாதீர்கள். நீர் வற்றியதாலோ, சிறுநீர்த் தொற்றாலோ, சர்க்கரை இறங்கியதாலோ இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.