மருந்து கேட்டும் மூச்சு சீராகாத பிள்ளை

கேள்வி: என் தங்கைக்கு 39 வாரத்தில், 3 கிலோ எடையில் பெண்பிள்ளை பிறந்தது. அன்றே மூச்சுத் திணறல்; 10 நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறாள். நுரையீரலுக்குள் விட்ட மருந்து இரண்டு முறையும் அரை நாளுக்குத்தான் கேட்டது. கிருமி இல்லை, இதயமும் சரியாம். இப்போது மரபணுச் சோதனைக்கு இரத்தம் கேட்கிறார்கள். தங்கை கட்டியது சொந்த மச்சானை. அதுதான் காரணமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரத்தத்தைக் கொடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். நிறைமாதப் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் பெரும்பாலும் நுரையீரலில் தங்கிய நீர்தான்; 3 நாளுக்குள் வற்றிவிடும். தொற்று கல்ச்சரிலும் (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) இதயக் கோளாறு எக்கோவிலும் (இதய ஸ்கேன்) அநேகமாகப் பிடிபடும். உங்கள் கடிதத்தில் முக்கியமான துப்பு, மருந்து அரை நாள் மட்டும் கேட்டது. அது சர்பக்டன்ட், காற்றறைகள் சுருங்கி ஒட்டாமல் காப்பது. குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் சில நாளில் அதைத் தானே சுரக்கும். மரபணுப் பழுது இருந்தால் சரியாகச் சுரக்காது. கொடுத்தது தீர்ந்ததும் பழையபடி திணறும். ஏபிசிஏ3, எஸ்எஃப்டிபிபி என்ற மரபணுக்களை முதலில் பார்ப்பார்கள்.

ஊதா மூடிக் குழாயில் 1–2 மில்லிலீற்றர் போதும். தாய் தகப்பன் இரத்தமும் கூடவே போகட்டும். பழுது இரு பக்கமும் இருந்து வந்ததா என்று அப்போதுதான் தெரியும். பிள்ளைக்கு இரத்தம் ஏற்றியிருந்தால் திகதியைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். முடிவு வர வாரக்கணக்காகலாம். இடையில் நுரையீரல் துண்டு எடுத்தால், ஒரு பகுதியை வழக்கமான ஃபோர்மலினில் போடாமல் குளூட்டரல்டிஹைட் என்ற பதப்படுத்தும் திரவத்தில் வைக்க வேண்டும். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு அதுதான் சரிப்படும். இது அடிக்கடி தவறிப்போகிற இடம்.

மச்சானைக் கட்டியது குற்றமல்ல. ஆனால் ஒரே பழுது இருவரிடமும் மறைந்திருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுதல். அப்படியானால் அடுத்த பிள்ளைக்கும் 4-இல் 1 ஆபத்து. கொழும்பு மருத்துவ பீடத்தில் மரபியல் ஆலோசனை கேளுங்கள். எஸ்எஃப்டிபிபி முழுதாகப் பழுதானால், நுரையீரல் மாற்று இல்லாமல் பிள்ளை சில மாதங்களுக்கு மேல் தங்குவது அரிது. ஏபிசிஏ3-இல் சில பிள்ளைகள் தேறுவதும் உண்டு. எவ்வளவு தூரம் சிகிச்சையை இழுப்பது என்பது இந்தச் சோதனை முடிவில்தான் இருக்கிறது.

கேள்வி: மகன் பிறந்த மறுநாள் மூச்சு வாங்கி 5 நாள் ஒட்சிசனில் இருந்தான். 4 மாதமாகியும் மூக்கொழுகலும் சளி இருமலும் நிற்கவில்லை. இதயம் வலப்பக்கம் என்கிறார்கள். தொடர்புண்டா?
– வாசகர், தெஹிவளை

பதில்: உண்டு. சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் சரியாக அசையாத நோயைச் சந்தேகிக்க வேண்டும். பிறந்து அரை நாள் கழித்துத் தொடங்கும் திணறல் இதன் அடையாளம். உறுப்புகள் இடம் மாறுவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான், ஆகவே உங்களுக்குத் துப்பு எளிதாகக் கிடைத்திருக்கிறது. மூக்கில் நைட்ரிக் ஒக்சைட் அளக்கும் சோதனை இந்த வயதில் நம்பகமில்லை. மரபணுச் சோதனைதான் முதல் வழி. வைத்தியரிடம் போகும்போது பிறந்த வாரத்து எக்ஸ்ரேக்களையும் தேடி எடுத்துப் போங்கள், நுரையீரலின் மேல்மடல் சுருங்கியிருந்ததா என்று பார்ப்பார்.