கரியமில வாயு கூடினால் விளைச்சல் கூடுமா?

கேள்வி: பசுமைக்குடிலில் கரியமில வாயு விட்டால் தக்காளி நன்றாகக் காய்க்கிறதாம். அப்படியென்றால் வெளிக்காற்றில் அது கூடுவது நெல்லுக்கும் நல்லதுதானே?

பதில்: மகசூல் ஓரளவு கூடும், அது உண்மை. நெல், கோதுமை, பயறுகளின் இலையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்து வீணடிக்கும். காற்றில் கரியமில வாயு கூடினால் அந்த விரயம் குறையும். மக்காச்சோளம், கம்பு, கரும்பு போன்றவை இலைக்குள்ளேயே வாயுவைச் செறிவாக்கிக்கொள்வதால் அவற்றுக்கு லாபம் சொற்பம். வறட்சிக் காலத்தில் இலைத்துளை சுருங்கி நீர் மிச்சமாகும், அவ்வளவுதான்.

ஆனால் பசுமைக்குடிலில் உரம், நீர், வெப்பம் எல்லாம் நம் கையில். வயலில் அப்படியில்லை. தழைச்சத்து போதாவிட்டால் கூடுதல் மகசூல் சுருங்கிவிடும். பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பதர் விழும். வாயு கூடிய காற்றில் நீராவி குறைவாக வெளியேறுவதால் கதிர் இன்னும் சூடாகி, பதரும் கூடும்.

எங்களுக்கு இதைவிடக் கவலை தருவது அரிசியின் சத்து. ஜப்பானிலும் சீனாவிலும் திறந்த வயலில் வட்டமாகக் குழாய் அமைத்து, காற்று வரும் திசையிலிருந்து வாயுவைத் திறந்துவிட்டு 18 நெல் ரகங்களைச் சோதித்தார்கள். அளவு 570 முதல் 590 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் அத்தனை பங்கு வாயு (இன்றைய காற்றில் 420க்கு மேல், தொழிற்புரட்சிக்கு முன் 280). 2018இல் வெளியான முடிவின்படி சராசரியாகப் புரதம் 10, இரும்பு 8, துத்தநாகம் 5 சதவீதம் குறைந்தன; சீனாவில் சோதித்த 9 ரகங்களில் ஃபோலேட் (பி9 வைட்டமின்) 30 சதவீதம் குறைந்தது. மூன்று வேளையும் சோறே பிரதானமான வீட்டில் இது சிறிய இழப்பல்ல. துத்தநாகத்தை மட்டும் ஓரளவு ஈடுகட்டலாம்: பூத்து முடிந்ததும், பால் பிடிக்கும்போதும் 10 லிட்டர் நீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து மாலையில் தெளிக்கலாம். ஃபோலேட்டுக்கு அப்படி ஒரு தெளிப்பு கிடையாது.

கேள்வி: கடல் அமிலமாகிறது என்கிறார்களே, சிப்பியும் பவளமும் கரைந்துபோகுமா?

பதில்: காற்றில் கூடும் கரியமில வாயு கடல்நீரிலும் கரைந்து அமிலமாகிறது. கடல்நீரின் பிஎச் (அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8.2இலிருந்து 8.1க்கு வந்திருக்கிறது, இன்னும் காரம்தான். ஆனால் பிஎச் மடக்கை அளவு என்பதால் ஹைட்ரஜன் அயனி சுமார் 30 சதவீதம் கூடிவிட்டது. அது கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஓடு கட்ட அந்தக் கார்பனேட்தான் தேவை. வளர்ந்த சிப்பி சமாளிக்கும், முதல் ஓடு கட்டும் சில நாள் வயதுக் குஞ்சு தாங்காது. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் 2007-08இல் ஒரு பொரிப்பகத்தில் குஞ்சுகள் கூட்டமாக மடிந்தன. முதலில் பாக்டீரியாவைச் சந்தேகித்தார்கள். ஆழத்திலிருந்து மேலெழுந்த, கரியமில வாயு மிகுந்த நீரே காரணம் என்று பிறகு தெரிந்தது. பாசியின் ஒளிச்சேர்க்கை வாயுவைக் குறைத்திருக்கும் பிற்பகலில் நீர் எடுத்து, அமிலத்தன்மையைக் குறைக்கும் சோடா சாம்பல் கலந்து மீண்டார்கள். தொட்டியில் அது முடியும், கடலில் முடியாது.

மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுப்பது வேறு: அதற்கு முக்கியக் காரணம் நீரின் வெப்பம். தெளிந்த நீரில் கடற்புல்லுக்கோ கூடுதல் வாயு சாதகமே.

கேள்வி: பள்ளிக் கண்காட்சியில் சிப்பி ஓட்டை வினிகரில் போட்டுக் காட்டலாமா?

பதில்: வேண்டாம், அது வேறு வேதியியல். இரண்டு குப்பிகளில் கடல்நீர் எடுத்து, பிஎச் மாறினால் நிறம் மாறும் புரோமோதைமால் நீலம் சில சொட்டு விடுங்கள். ஒன்றில் மட்டும் உறிஞ்சுகுழலால் ஊதுங்கள், உறிஞ்ச வேண்டாம். நீலம் பச்சைக்கு மாறும். கடல்நீரில் உள்ள பைகார்பனேட் பிஎச் மாற்றத்தை எதிர்ப்பதால் குழாய்நீரைவிட நேரம் பிடிக்கலாம். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம், அதாவது காற்றில் உள்ளதைப்போல் கிட்டத்தட்ட 100 மடங்கு என்பதையும் அட்டையில் எழுதி வையுங்கள்.